கோரிக்கை மனுவில் விடுபட்ட வரி

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் நடத்துவோருக்கும் அவர்களின் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் உங்கள் சங்கங்கள் டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று மனு அனுப்புகின்றன. அவற்றில் என்ன இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஜிஎஸ்டி ரீஃபண்ட் தாமதம், மின் கட்டணத்தில் டிமாண்ட் சார்ஜ், பஞ்சு இறக்குமதி வரி, நூல் விலை, வட்டி மானியம், கன்டெய்னர் வாடகை. எல்லாமே நியாயமான கோரிக்கைகள். ஆனால் அரசு மருத்துவமனை பற்றியோ, ஆரம்ப சுகாதார நிலையம் பற்றியோ, அரசு மருத்துவத்துக்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்றோ ஒரு வரியையும் அந்த மனுக்களில் நான் பார்த்ததில்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லத்தான் இந்த மடல்.

தருமம் பேசி உங்களைச் சங்கடப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. கம்பெனிக் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன் நான். பனியன் கம்பெனி, பவுண்டரி, விசைத்தறிக் கூடம், பம்ப்செட் பட்டறை என்று உங்கள் பேரேடுகளோடு பழகியவன். லாபம் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவது என் தொழில். பொது மருத்துவத்துக்கு அரசு கைசுருக்கிச் செலவிடுவதால் உங்கள் லாபமும் ஒழுகுகிறது, நாட்டின் வளர்ச்சியும் ஒழுகுகிறது என்பது என் கட்சி.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சம்பளப் பட்டியல் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அட்வான்ஸ் நோட்டு மட்டும் பல கம்பெனிகளில் இன்னும் கையெழுத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் ஆயுத பூஜை மஞ்சள். தேதி, பெயர், தொகை, கையொப்பம். ஓரத்தில் சூப்பர்வைசர் பென்சிலால் கிறுக்கிய காரணம். தீபாவளிக்கு முன் ‘துணிமணி’, ஜூன் மாதம் ‘ஸ்கூல் பீஸ்’, முகூர்த்த மாதங்களில் ‘சீர்’. இவை பருவத்தோடு வரும், பருவத்தோடு போகும். ஆண்டு முழுக்கப் பருவம் பார்க்காமல் வருபவை வேறு: ‘அம்மா ஆஸ்பத்திரி’, ‘ஸ்கேன்’, ‘பாப்பா காய்ச்சல்’, ‘வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட்’. எதிரே, சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரம் ஐந்நூறு பிடித்தம் என்று ஒரு குறிப்பு. அந்தப் பிடித்தம் முடிவதற்குள் அடுத்த அட்வான்ஸ் ஏறியிருக்கும்.

இன்னும் பெரிய அட்வான்ஸ் தருகிறேன் என்று பக்கத்துக் கம்பெனி சொன்னால், பழைய பாக்கியை அடைத்துவிட்டு ஆள் அங்கே போய்விடுகிறார். பிறகு லைனில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலர் ஏற்றும் டெய்லர் ஒருவர் வராவிட்டால் அவர் மேசையில் பீஸ் குவியும். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானம் ஏறும், அந்த ஆர்டரின் லாபமும் அதோடு பறந்துபோகும். உங்கள் கணக்கில் அது ‘ஏர் பிரைட்’ என்ற தலைப்பில் விழுகிறது. அதன் வேர் ஒரு டெங்குக் காய்ச்சலில் இருந்தாலும், கவனிக்காமல் விட்ட சர்க்கரையில் இருந்தாலும் அது எந்தத் தலைப்பிலும் விழுவதில்லை.

இனி நாட்டின் கணக்கு. 2021-22ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.83 விழுக்காடு. அதில் அரசுகள் செலவிட்டது உற்பத்தியில் 1.84 விழுக்காடு. குடும்பங்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு. 2013-14இல் இது 64.2 விழுக்காடாக இருந்தது. சரிவு நல்லதுதான், ஆனால் உண்மையில் எவ்வளவு சரிந்தது என்பதில் பொருளியலாளர்களிடையே விவாதம் இருக்கிறது. 2021-22 கொரோனா ஆண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அரசின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், மருத்துவத்துக்குப் போகும் நூறு ரூபாயில் 39 ரூபாயை நோய் வந்த நேரத்தில் குடும்பமே புரட்டிக் கொடுக்கிறது.

புரட்ட முடியாதவர்கள் என்ன ஆனார்கள்? 2011-12ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, மருத்துவச் செலவால் அந்த ஓராண்டில் வறுமைக்குள் விழுந்தவர்கள் ஐந்தரைக் கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் 3.8 கோடிப் பேரை விழவைத்தது மருந்துச் செலவு மட்டுமே. மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் காசுதான் குடும்பங்களைக் கவிழ்க்கிறது. அப்படிக் கவிழ்ந்த குடும்பம் கோவை கிரைண்டர் வாங்காது. திருப்பூர் பனியனை இன்னோர் ஆண்டுக்குக் கிழிசல் தைத்துப் போட்டுக்கொள்ளும். உங்கள் தொழிலாளியும் அவர்தான், உங்கள் வாடிக்கையாளரும் அவர்தான்.

“முதலில் நாடு வளரட்டும், வரி வசூல் கூடட்டும், ஆஸ்பத்திரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சங்கக் கூட்டங்களில் சொல்வோர் உண்டு. இந்த வரிசையை வரலாறு அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 1993இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஃபோகல், 1790 முதல் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் பிரிட்டனின் தனிநபர் வருமானம் வளர்ந்ததில் சுமார் 30 விழுக்காட்டுக்கு, மேம்பட்ட உணவும் உடல்நலமும் காரணம் என்று கணித்தார். தொழிற்புரட்சி தொடங்கிய காலத்து இங்கிலாந்தில் அடித்தட்டு ஏழைகள் பலருக்கு ஒரு முழு நாள் கடின வேலை செய்யும் தெம்பே உடம்பில் இருக்கவில்லை. நீராவி எந்திரம் வந்தும், அதன் எதிரே நாள் முழுக்க நிற்க ஓர் உடம்பு வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் 1910 வாக்கில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் வயிற்றில் கொக்கிப்புழு இருந்தது. ராக்ஃபெல்லர் ஆணையம் ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்து மருந்து கொடுத்தது. பிற்காலத்தில் ஹோய்ட் பிளீக்லி என்ற பொருளியலாளர் பழைய குடிக்கணக்குகளைத் தோண்டிப் பார்த்தார். புழு அதிகம் இருந்த பகுதிகளில்தான் இயக்கத்துக்குப் பின் பள்ளி வருகையும் எழுத்தறிவும் வேகமாக ஏறியிருந்தன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்தபோது வருமானமும் கூடியிருந்தது.

மறுதரப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024இல் நோபல் பெற்ற டேரன் அசெமோக்லுவும் சைமன் ஜான்சனும் 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1940க்குப் பிறகு உலகெங்கும் தொற்றுநோய்கள் கட்டுப்பட்டு ஆயுள் கூடியது, ஆனால் அதனால் தனிநபர் வருமானம் கூடியதற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. காரணம், ஆயுளோடு மக்கள்தொகையும் பெருகி, கூடிய உற்பத்தியைப் பங்குபோட்டுக்கொண்டது. அக்கால உலகுக்கு அந்த வாதம் பொருந்தலாம். இன்றைய தமிழ்நாட்டுக்குப் பொருந்துமா? 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள். நம் கவலை ஆள் பெருகுவது இல்லை, ஆள் கிடைக்காதது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வரவழைத்து லைனை நிரப்பும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கிடைக்கும் ஆட்கள் ஐம்பது வயது வரை கை நடுங்காமல், கண் மங்காமல் மிஷினில் உட்கார வேண்டும். இனி வரும் வளர்ச்சி அதில்தான் இருக்கிறது.

அதற்காகச் செலவைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. உலகிலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவிடும் நாடு அமெரிக்கா. 2023இல் அதன் உற்பத்தியில் 17.6 விழுக்காடு மருத்துவத்துக்குப் போனது. அந்த ஆண்டு அங்கே பிறந்த குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 78.4 ஆண்டு. 1961இலேயே எல்லோருக்கும் காப்பீடு கொண்டுவந்த ஜப்பான் 11 விழுக்காடு அளவில் செலவிட்டு 84 ஆண்டு வாழ்கிறது. அமெரிக்காவில் உழைக்கும் வயதினர் பெரும்பாலோரின் மருத்துவம் முதலாளியின் தலையில் காப்பீடாக ஏற்றப்பட்டிருக்கிறது. 2000களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒவ்வொரு காரின் விலையிலும் ஏறக்குறைய 1,500 டாலர் மருத்துவச் செலவு ஏறியது. காருக்கு வாங்கும் எஃகை விட அது அதிகம் என்று அன்று பேசப்பட்டது. 2009இல் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. திவாலுக்குக் காரணங்கள் பல. ஆனாலும் அரசு செய்ய வேண்டியதைச் செய்யாத இடத்தில் அந்தச் செலவு கடைசியில் கம்பெனியின் காஸ்ட் ஷீட்டில் வந்து உட்காரும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எதிர்த் திசையில் போன நாடு தாய்லாந்து. கோவையின் ஆட்டோ உதிரிபாகக்காரர்களுக்கு அது அன்னிய ஊர் இல்லை. 1997இல் பாட் நாணயம் சரிந்து, நாடு ஐ.எம்.எஃப். கடனில் நின்றது. நான்கே ஆண்டுகளில், 2001இல், அந்த நாடு ‘30 பாட்’ திட்டத்தைத் தொடங்கியது: மருத்துவமனைக்கு ஒரு முறை போனால் 30 பாட், மீதி அரசின் பொறுப்பு. 2002இல் அது சட்டமாகி நாடு முழுவதும் பரவியது. இது கட்டுப்படியாகாது என்று கவலைப்பட்டவர்களில் உலக வங்கியும் உண்டு. 2013இல் அதன் தலைவர் ஜிம் யோங் கிம், தம் நிறுவனம் எழுப்பிய ஐயத்தையும் மீறித் தாய்லாந்து சாதித்தது என்று பொதுமேடையிலேயே சொன்னார்.

அந்தத் திட்டம் நிலைத்து நின்றதற்குக் காரணம் அதற்கு முந்தைய முப்பது ஆண்டு உழைப்பு. 1972 முதலே படித்து முடிக்கும் மருத்துவர்கள் கிராமப்புறத்தில் கட்டாயப் பணி செய்தார்கள். 1980களில் நகரப் பெருமருத்துவமனைகளின் புதிய முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை வட்டார மருத்துவமனைகளுக்குத் திருப்பினார்கள். 2002இல் தலைக்கு 1,200 பாட் அளவில் கணக்கிட்டு, மக்கள் தொகைக்கு ஏற்ப அந்தந்த வட்டாரத்துக்கு நிதி போனது. எவ்வளவு அறுவை சிகிச்சை செய்தார்கள் என்று பார்த்துப் பணம் கொடுத்திருந்தால் கத்தி வைப்பதுதான் பெருகியிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்ததால் ஆளை நோயில்லாமல் வைத்திருப்பது மருத்துவமனைக்கே லாபமானது. மது, புகையிலை ஆயத்தீர்வையோடு 2 விழுக்காடு கூடுதலாக வசூலித்து நோய்த் தடுப்புக்கென ஒரு நிதியமும் வைத்தார்கள். மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்காக இருந்த மக்களின் கைச்செலவு இன்று பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது. ஏழை மாகாணங்களுக்கும் வசதியான மாகாணங்களுக்கும் நடுவே குழந்தை இறப்பில் இருந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோனது. ஏற்றுமதித் தொழில் இதனால் நொடிந்துவிடவில்லை.

நமக்கு யோசனைப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு, பணம் இல்லாத காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை எழுதி, 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று திட்டமும் போட்டுக் கொடுத்தது. நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவில் இருந்தார். 1961இல் அறிக்கை தந்த அடுத்த குழுவுக்கு அவரே தலைவர். 2002 தேசிய சுகாதாரக் கொள்கை, 2010க்குள் அரசின் செலவை உற்பத்தியில் 2 விழுக்காடாக்குவோம் என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு சுதந்திரத்துக்குப் பின் கண்டிராத வேகத்தில் வளர்ந்தது. 2013-14இல் கணக்குப் பார்த்தால் 1.15 விழுக்காடு. வளர்ச்சி வந்தால் மருத்துவம் தானே வரும் என்பவர்கள் இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2017 கொள்கை, 2025க்குள் 2.5 விழுக்காடு என்று இலக்கை நகர்த்தியது. பதினைந்தாவது நிதிக்குழு அதையே வழிமொழிந்து, மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 விழுக்காட்டுக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும், மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப நிலை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்றது. தமிழ்நாட்டு அரசு 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். அந்த எட்டு விழுக்காட்டை நம் மாநிலமும் எட்டவில்லை.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 2024-25இல் நாட்டின் உற்பத்தி நடப்பு விலையில் ஏறக்குறைய 330 லட்சம் கோடி. 2.5 விழுக்காட்டுக்கும் 1.84 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்குச் சுமார் 2.2 லட்சம் கோடி. பெரிய தொகைதான். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 22 விழுக்காடாகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். முடிவெடுத்தால் பணத்துக்கு வழி பிறக்கும் என்று அன்று தெரிந்தது. உங்களில் பலர் பார்ட்னர்ஷிப்காரர்கள். அந்தச் சலுகை உங்களுக்கு வரவும் இல்லை, நீங்கள் இன்னும் 30 விழுக்காடு கட்டுகிறீர்கள். அதற்கு மேல் 4 விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரி வேறு. மேல்வரி என்பதால் அது மாநிலங்களுக்குப் பகிரப்படுவதில்லை. மருத்துவமனையோ அரசியலமைப்புப்படி மாநிலத்தின் பொறுப்பு. உங்களிடம் சுகாதாரத்தின் பெயரால் வாங்கும் பணத்தில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டிருக்கிறீர்களா?

“கொடுத்தால் திருடிவிடுவார்கள்” என்பது அடுத்த பேச்சு. பதிலுக்கு நம் மாநிலத்தையே காட்டலாம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எப்படிக் கொள்முதல் செய்கிறது என்று பாருங்கள். கொள்முதல் தெரிந்த உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். பிராண்டுப் பெயரில் வாங்காமல் மருந்தின் மூலப்பெயரில் மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். வரும் சரக்கு ஆய்வகச் சோதனை தேறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகாது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொண்டு பற்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. பணத்தோடு அமைப்பையும் சீர்திருத்தினால் காசு எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதுவே கணக்கு.

“அரசு ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் தங்கள் கம்பெனிப் பெண்களிடம் பிரசவம் எங்கே ஆயிற்று என்று விசாரிக்கட்டும். தமிழ்நாட்டில் பெரும்பான்மைப் பிரசவங்கள் அரசு மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்கில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. மக்கள் போகிறார்கள், பலனும் கிடைக்கிறது. போக முடியாதவர்கள் வேலையில் இருக்கும் உங்கள் ஆட்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லர் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் வேலைக்கு வருகிறார்.

ஒரு கம்பெனிக் கேன்டீனில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அரசின் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வந்திருந்தவர்கள் சாப்பாட்டு பெஞ்சில் பி.பி. மிஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ நேரம். செக்கிங் பிரிவுப் பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள். ஒருவர் கையில் பட்டையைச் சுற்றி அளந்துவிட்டு, நர்ஸ் மறுபடியும் அளந்தார். பிறகு மற்றக் கையிலும். “அக்கா, தலை சுத்துதுங்களா?” என்று கேட்டார். “அது எப்பவும் இருக்கறதுதாங்க. சரியா சாப்பிடலைன்னு நெனச்சேன்” என்றார் அந்தப் பெண். அட்டையில் எழுதி, மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்தார்கள். அரசு சில பைசாவுக்குக் கொள்முதல் செய்யும் மாத்திரை அது.

அந்தப் பைசா மாத்திரை போய்ச் சேராத இடத்தில் பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ காத்திருக்கிறது. அப்போது காப்பீட்டு அட்டை வேலை செய்யும். டயாலிசிஸுக்குப் பணம் கிடைக்கும். ஆயுள் முழுக்கக் கிடைக்கும். ஆனால் ஆள் மிஷினுக்குத் திரும்ப மாட்டார். கம்ப்ரஸருக்கு ஆயில் மாற்றும் செலவை மிச்சம் பிடித்துவிட்டு மோட்டார் எரிந்த பிறகு காயில் கட்டுபவரைக் கூப்பிடும் மேனேஜரை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு ரத்த அழுத்தம். 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவது படுக்கையில் சேர்ந்தால்தான். மாதாந்திர மாத்திரைச் செலவுக்கு அதில் இடமில்லை. குடும்பங்களைக் கவிழ்ப்பது அந்த மாத்திரைச் செலவுதான் என்பதை முன்பே பார்த்தோம். பெரிய சிகிச்சைக்குக் காப்பீடு வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் வளர்த்தால் நாம் அமெரிக்கப் பாதையில் போகிறோம் என்று பொருள்.

இ.எஸ்.ஐ. பற்றிப் பேசாமல் இந்த மடல் முடியாது, ஏனென்றால் அது உங்கள் சொந்தப் பணம். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1955இல் முதலில் வந்ததே கோவைக்குத்தான். 2019 ஜூலை முதல் நீங்கள் 3.25, தொழிலாளி 0.75 என மொத்தம் 4 விழுக்காடு கட்டுகிறீர்கள். 2018-19இல் மட்டும் நாடெங்கும் வசூலான தொகை 22,279 கோடி. வரவுக்கும் சிகிச்சைக்கான செலவுக்கும் நடுவே பெரிய இடைவெளி. 2017இல் வைத்த 21,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டிய அனுபவசாலி டெய்லரும் பிட்டரும் திட்டத்துக்கு வெளியே போகிறார்கள், சர்க்கரையும் பி.பி.யும் தொடங்கும் வயதும் அதுதான். நோயுற்றால் சம்பளத்தில் 70 விழுக்காடு வீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை பணம் கிடைக்கும் என்பது உங்கள் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் அட்வான்ஸ் நோட்டு இவ்வளவு பருத்திருக்காது. திட்டத்துக்குள் வராமலிருக்க, பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்பது பேரை மட்டும் ரோலில் காட்டும் கணக்கும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு அரசிடம் போய் எதுவும் கேட்க முடியாது.

ஆகவே அடுத்த மனுவில் நீங்கள் சேர்க்க வேண்டியவை என நான் முன்வைப்பவை நான்கு.

முதலாவது, ஒன்றிய அரசிடம்: 2.5 விழுக்காடு இலக்குக்கு ஆண்டுவாரி அட்டவணை. எந்த ஆண்டில் எத்தனை விழுக்காடு என்று நிதிநிலை அறிக்கையிலேயே எழுத வேண்டும். சுகாதார மேல்வரியில் மாநிலங்களுக்கு வெளிப்படையான ஒரு பங்கு வேண்டும்.

இரண்டாவது, மாநில அரசிடம்: பட்ஜெட்டில் 8 விழுக்காடு, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப நிலை மருத்துவத்துக்கு. புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு முன் காலியான நர்ஸ், ஆய்வக நுட்புநர் இடங்களை நிரப்ப வேண்டும். தொழிற்பேட்டைகளை ஒட்டிய நிலையங்கள் ஷிப்ட் முடிந்து வருபவருக்கு இரவு பத்து மணி வரையும் ஞாயிறன்றும் திறந்திருக்க வேண்டும். ஒடியாவும் இந்தியும் பேசத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. கழகத்திடம்: உச்சவரம்பு உயர்வு, மருந்தகங்களில் மாலை நேர மருத்துவர், மாவட்டவாரியாக எவ்வளவு வசூலித்தோம், எவ்வளவு செலவிட்டோம் என்ற கணக்கு.

நான்காவது, உங்களுக்கு நீங்களே: எல்லோரையும் ரோலில் ஏற்றுங்கள். ஆண்டுக்கு இருமுறை கேன்டீன் பெஞ்சை அந்த பி.பி. மிஷினுக்கு விட்டுக்கொடுங்கள், பரிசோதனை நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். அட்வான்ஸ் நோட்டின் ஓரத்தில் எழுதும் காரணங்களை ஆண்டு முடிவில் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையைச் சங்கத்தில் ஒன்று சேர்த்து மனுவோடு இணையுங்கள். நிதித்துறை அதிகாரிகளுக்கு வேதனைக் கதை பழகிப்போயிருக்கும். இப்படி ஒரு கணக்கைக் கொண்டுபோய் வைத்தால் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். கேள்வி வந்தால் பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்தக் கோரிக்கைகளை மருத்துவர் சங்கங்களும் மக்கள் நல அமைப்புகளும் ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் கேட்டால் அரசு அதைச் செலவாகப் பார்க்கிறது. ஏற்றுமதிக்காரர்களும் பம்ப்செட்காரர்களும் கேட்டால் அதையே முதலீடாகப் பார்க்கும். பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சர் கூட்டும் ஆலோசனைக் கூட்டத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. உங்கள் டெய்லருக்கு இல்லை. பேசக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். வந்து எழுதித் தருகிறேன், கட்டணம் இல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் பேரேடுகளை அறிந்த ஒரு செலவுக் கணக்காளர்,
கோயம்புத்தூர்.